முகமூடி: மறைக்கும் சொல்லும் காட்டும் கலையும்

1. சொல்லின் சிக்கல்

ஒரு கலைப்பொருளைப் பற்றிய திறனாய்வு, அப்பொருளுக்கு வழங்கும் பெயரிலேயே தொடங்கிவிடுகிறது. அசாமின் பாவனா நாடகத்தில் நரசிம்மர் தாங்கிவரும் முகம், செராய்கேலாச் சௌ நடனத்தில் ‘இரவு’ ஆடுவோர் அணியும் முகம், வடமலபாரில் பொட்டன் தெய்யம் அணியும் முகம் ஆகிய மூன்றையும் இன்றைய தமிழ் உரைநடை ‘முகமூடி’ என்னும் ஒரே சொல்லால் சுட்டுகிறது. வங்கிக் கொள்ளையன் அணிவதையும் இதே சொல் குறிக்கிறது. மேடைப் பேச்சில் கிழித்தெறியப்படுவதும் இந்த முகமூடிதான். பெயர் ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்றே என்னும் மயக்கம் நேர்கிறது. முகம் செய்யும் கலை மனிதனின் ‘நான்’ என்னும் உணர்வை எவ்வாறு ஆராய்கிறது என்று எழுதப் புகுவோர், இந்த மயக்கத்தால் தொடக்கத்திலேயே ஒரு முடிவுக்குத் தள்ளப்படுகின்றனர். உள்ளே உண்மை முகம் ஒன்று உண்டு, வெளியே இருப்பது அதை மறைக்கும் பொய் என்பதே அம்முடிவு.

இந்திய முகக்கலை மரபுகள் மூன்றின் செய்முறையையும் ஆட்டமுறையையும் அருகிருந்து நோக்கினால் அவை இம்முடிவுக்கு இடந்தரவில்லை என்பது புலனாகும். அம்மரபுகளில் முகம் எதையும் மறைப்பதற்காகச் செய்யப்படுவதில்லை. அணிபவரை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு மாற்றுவதற்காகச் செய்யப்படுகிறது. இங்கு ‘இடம்’ என்பது தமிழ் இலக்கணம் தன்மை, முன்னிலை, படர்க்கை என மூன்றாக வகுக்கும் அதே இடமாகும்.

2. ‘மூடி’யின் இலக்கணம்

முகமூடி என்பது முகம் என்னும் பெயரும் மூடு என்னும் வினையும் இகர விகுதியும் சேர்ந்தமைந்த தொகைச்சொல். மண்வெட்டி, மரங்கொத்தி, வழிகாட்டி என்பனவும் இவ்வமைப்பினவே. இத்தகைய சொற்களில் முன்னிற்கும் பெயர் வினைக்குச் செயப்படுபொருளாக நிற்கும். மண்ணை வெட்டுவது மண்வெட்டி. முகத்தை மூடுவது முகமூடி. மூடப்படும் முகம் யாருடையது என்றால் அணிபவருடையது என்பதே சொல்லமைப்புத் தரும் விடை.

‘கொள்ளையனின் முகமூடி’ என்னும் தொடரில் இவ்விலக்கணம் பிழையின்றிப் பொருந்துகிறது. மூடப்படுவது கொள்ளையனின் முகம். ‘நரசிம்மரின் முகமூடி’ என்னும் தொடரிலோ உறவு தலைகீழாகிறது. சொல்லமைப்பின்படி மூடப்படுவது நரசிம்மரின் முகமாக இருத்தல் வேண்டும். உண்மையில் காட்டப்படுவதே நரசிம்மரின் முகம். ஒரே வேற்றுமைத்தொடர் ஓரிடத்தில் மறைக்கப்படுபவரையும் மற்றோரிடத்தில் வெளிப்படுபவரையும் குறிக்கிறது. தாய்மொழியாளர் இம்முரணைச் சூழலால் உணர்ந்து கடந்துவிடுகின்றனர் என்பது உண்மையே. எனினும் சொல்லின் உட்பொருள் உருவகங்களில் தங்கிவிடுகிறது. முகமூடி கிழிந்தது, முகமூடி கழன்றது, முகமூடியோடு வாழ்கிறான் என வரும் வழக்குகள் யாவும் பழிப்புப் பொருளன. பொய்முகம் என்னும் மாற்றுச்சொல் இப்பழிப்பை வெளிப்படையாகவே உரைக்கிறது. 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக்காலத்தில் பெருவழக்குப் பெற்ற முகக்கவசம் என்னும் சொல் காப்புப் பொருளது. ஆக, தமிழில் இப்பொருட்புலத்தில் உள்ளவை மறைப்பு, பொய், காப்பு என்னும் மூன்றே. காட்டுதல் என்னும் நான்காம் பொருளுக்குச் சொல் இல்லை.

பிற இந்திய மொழிகள் சிலவற்றில் நிலைமை வேறு. அசாமியத்திலும் ஒடியாவிலும் வழங்கும் ‘முகா’, இந்தியில் வழங்கும் ‘முகௌட்டா’, மராத்தியில் வழங்கும் ‘முகவட்டா’ ஆகியவற்றில் மூடுதல் வினைக்கு இடமில்லை. முகத்திலிருந்து பிறந்த மற்றொரு முகம் என்ற அளவிலேயே அவை நிற்கின்றன. மறுபுறம், தெலுங்கின் ‘முசுகு’ முக்காட்டையும் குறிக்கும் சொல்லாதலால் தமிழின் பக்கம் சாய்கிறது. மலையாளம் ‘முகம்மூடி’, ‘பொய்முகம்’ இரண்டையும் தமிழைப் போலவே வழங்குகிறது. எனவே இவ்வேறுபாட்டை மொழிக்குடும்ப எல்லையாகவோ பண்பாட்டு எல்லையாகவோ கொள்ளுதல் பொருந்தாது. மலையாள நாட்டில் முகக்கலை செழித்திருந்தும் சொல் மறைப்பையே உரைக்கிறது. சொல்லைக் கொண்டு கலையை அளக்கலாகாது என்பதற்கு இதுவே சான்று.

3. மாஜுலி: வாய் பெற்ற முகம்

பிரம்மபுத்திரா ஆற்றுத் தீவாகிய மாஜுலியில் சத்திரா எனப்படும் வைணவ மடங்கள் பல உள்ளன. அவற்றுள் 1663இல் நிறுவப்பட்ட சாமகுரிச் சத்திரா முகம் செய்யும் கலைக்குப் பெயர்பெற்றது. சங்கரதேவர் (1449–1568) தோற்றுவித்த அங்கிய நாடக மரபே இக்கலையின் ஊற்று. அந்நாடகங்களின் நிகழ்த்துவடிவம் பாவனா எனப்படும்.

செய்முறை எளிய பொருள்களால் ஆயது. நீரில் ஊறவைத்த மூங்கிலைப் பிளந்து மெல்லிய பத்தைகளாக்கி, அவற்றால் முதலில் ஒரு கூடு முடைகின்றனர். குயவர் மண்ணைக் கரைத்த குழம்பில் தோய்த்த துணியை அக்கூட்டின்மேல் படிய ஒட்டுகின்றனர். அது காய்ந்தபின் மண்ணும் பசுஞ்சாணமும் கலந்த கலவையால் மூக்கு, கன்னம், புருவம் ஆகியவற்றை எழுப்புகின்றனர். வெயிலில் உலர்த்தி மெருகேற்றிய பின்னரே வண்ணம் தீட்டுகின்றனர். முகத்தை மட்டும் கவிப்பது ‘முக் முகா’, உறுப்புகள் அசையும்படி அமைந்தது ‘லொதொகாய் முகா’, தலைமுதல் உடல்வரை கவிக்கும் பேருரு ‘பொர் முகா’ என வகைப்படுத்துவர்.

இம்மரபில் இரண்டு செய்திகள் திறனாய்வாளரின் கருத்துக்குரியன. முதலாவது, யாருக்கு முகம் செய்யப்படுகிறது என்பது. இராவணன், பூதனை, நரசிம்மர், வராகம், கருடன், அனுமன், சடாயு முதலியோர் முகா அணிகின்றனர். கிருஷ்ணனும் இராமனும் பொதுவாக அணிவதில்லை. மனித வடிவில் தோன்றுவோர்க்கு நடிகனின் முகமே போதும். மனித முகத்தில் அடங்காத பாத்திரங்களுக்கே முகம் செய்யவேண்டியுள்ளது. மறைத்தலே நோக்கமாயின் கடவுளாக வரும் நடிகனின் அன்றாட முகத்தையன்றோ முதலில் மறைத்திருக்க வேண்டும்? இங்கு முகா, இல்லாத ஒன்றை வழங்குகிறது. இருப்பதை அகற்றுவது அதன் பணியன்று.

இரண்டாவது, வாய். இவ்வகை முகத்தை அணிந்தவர் பேசவேண்டியவர். சாமகுரிச் சத்திராவின் ஹேமசந்திர கோஸ்வாமி, தாடையும் கண்ணும் அசையும் முகங்களை வளர்த்தெடுத்தவர். 2023இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். தாடை அசைவதால் நடிகனின் குரல் பாத்திரத்தின் வாயிலிருந்தே எழுவதாகத் தோன்றுகிறது. அசாமியத்தில் ‘முக்’ என்பது முகத்தையும் வாயையும் ஒருங்கே குறிக்கும் சொல் என்பதை இங்கு நினைவுகூர்தல் தகும். தமிழ்ச் சொல்லின்படி மூடப்படும் இடம், அசாமியச் சொல்லின்படி திறக்கும் இடம்.

அங்கிய நாடகத்தின் மற்றொரு கூறும் இதனோடு இயைந்தது. சமஸ்கிருத நாடகத்தில் முன்னுரையோடு விலகிவிடும் சூத்திரதாரன், அங்கிய நாடகத்தில் இறுதிவரை அரங்கில் நிற்கிறான். பாத்திரங்களின் வருகையை அறிவிப்பதும் நிகழ்வுகளை எடுத்துரைப்பதும் அவன் பணி. முகா அணியாத அவன் பிறரைப் படர்க்கையில் சுட்டுகிறான். முகா அணிந்து வருபவனோ தன்மையில் பேசுகிறான். பார்வையாளர்க்கு இரண்டு இடங்களும் ஒரே அரங்கில் ஒருசேரக் காணக்கிடைக்கின்றன.

4. செராய்கேலா: வாய் மூடிய முகம்

இன்றைய ஜார்க்கண்டு மாநிலத்திலுள்ள செராய்கேலாவின் சௌ நடனம் இதற்கு நேர்மாறானது. கர்க்காய் ஆற்று மண்ணால் உருவை வனைந்து, அதன்மேல் தாளும் மெல்லிய துணியும் அடுக்கடுக்காக ஒட்டி, உலர்ந்தபின் அச்சிலிருந்து பிரித்தெடுத்து வண்ணம் தீட்டுவர். வெளிர்நிறங்களும் மென்மையான கோடுகளும் இம்முகங்களின் இயல்பு. கண்ணுக்குச் சிறு கீற்று, மூச்சுக்குச் சிறு துளை, வாய் திறப்பதில்லை. மூச்சுவிடுதல் அரிதாதலால் ஓர் ஆட்டம் சில நிமிடங்களில் முடிவுறுகிறது. உரையாடலும் இல்லை.

‘சௌ’ என்னும் பெயருக்கு அறிஞர் வேறுவேறு மூலம் காட்டுவர். நிழலையும் பிம்பத்தையும் குறிக்கும் ‘சாயா’ என்பர் ஒருசாரார். மாறுவேடத்தைக் குறிக்கும் ‘சத்ம’ என்பர் மற்றொரு சாரார். படைவீடாகிய ‘சாவனி’ என்பர் வேறு சிலர். முகமூடி என்னும் தமிழ்ச்சொல் நம்மை இரண்டாவது விளக்கத்தின்பால் எளிதாக ஈர்த்துவிடும். ஆனால் சௌவின் மூன்று வகைகளுள் செராய்கேலாவும் புருலியாவும் முகம் அணிய, ஒடிசாவின் மயூர்பஞ்சு வகை முகம் அணிவதில்லை. அணியாத வகைக்கும் அப்பெயரே வழங்குவதால், பெயர்மூலத்தைக் கொண்டு முகத்தின் பணியை வரையறுத்தல் இயலாது.

கன்னட நாடகாசிரியர் கிரீஷ் கர்னாட் (1938–2019) தம் மூன்று நாடகங்களின் ஆங்கிலத் தொகுப்புக்கு எழுதிய முன்னுரையில் இது குறித்து ஒரு கருத்துரைத்துள்ளார். மேலை அரங்கில் முகமூடி முகத்துக்கு எதிராக நிற்பது. இந்திய மரபரங்கில் அது முகத்தின் பேருருவே, பாத்திரத்தின் அறவியல்பைப் பெரிதாக்கிக் காட்டுவது என்பது அவர்தம் கருத்தின் சாரம். மறைப்புக் கொள்கையிலிருந்து விலகும் இக்கருத்து பெரிதும் ஏற்கத்தக்கது. மாஜுலியின் இராவணனுக்கும் புருலியாவின் மகிடாசுரனுக்கும் இது பொருந்தும். செராய்கேலாவிற்குப் பொருந்துமா என்பதே வினா. ‘இராத்திரி’ என்னும் ஆட்டத்தில் வருவது இரவு. ‘நாவிக்’ என்னும் ஆட்டத்தில் வருவது ஓடக்காரனும் அவன் துணைவியும். இரவுக்குப் பெரிதாக்கிக் காட்டத்தக்க அறவியல்பு யாது? இம்முகங்கள் எதையும் பெருக்குவதில்லை, குறைக்கின்றன. நடிகனின் முகத்தில் நொடிதோறும் மாறும் குறிப்புகளை நீக்கி அசைவற்ற ஒரு தளத்தை வைக்கின்றன. கழுத்தின் சாய்வு, தோளின் சரிவு, பாதத்தின் வைப்பு ஆகியவற்றால் அத்தளத்தின் பொருள் மாறுகிறது. தலை தாழ்ந்தால் அதே முகம் வருந்துகிறது, நிமிர்ந்தால் நகைக்கிறது. முகத்தின் பணியை உடல் மேற்கொள்கிறது. ‘முகமே தான்’ என்னும் அன்றாட நம்பிக்கை இங்கு ஆய்வுக்கு உள்ளாகிறது. முகத்தை எடுத்துவிட்டால் தன்மை எங்கே எஞ்சி நிற்கிறது என்னும் வினாவுக்கு, உடலில் என்று செராய்கேலா விடையிறுக்கிறது.

5. தெய்யம்: கண்ணாடியும் வரவிளியும்

கண்ணூர், காசர்கோடு பகுதிகளின் தெய்யத்தில் பெரும்பான்மையும் தனியே கழற்றத்தக்க முகம் இல்லை. தோலின்மீதே எழுதப்படும் ‘முகத்தெழுத்து’ உண்டு. முகத்தில் எழுதுதலை ‘எழுத்து’ என்றே வழங்கும் இம்மரபு மொழியியலாளர்க்கு ஆர்வமூட்டுவதாகும். ஆட்டக்காரர் மேற்கொள்ளும் உரு ‘கோலம்’ எனப்படும்.

நிகழ்வின் வரிசைமுறை கருதத்தக்கது. முழுக்கோலம் பூணுவதற்குமுன் ஆட்டக்காரர் தோற்றம் பாடுகிறார். தெய்வத்தின் பிறப்பும் செயலும் அதில் படர்க்கையில் வருகின்றன. தெய்வத்தை முன்னிலைப்படுத்தி வருக என அழைக்கும் பகுதி ‘வரவிளி’ எனப்படும். முகத்தெழுத்து முடிந்து திருமுடி ஏற்றப்பட்டபின் ஆட்டக்காரர் கையில் கண்ணாடி தரப்படுகிறது. அதில் அவர் காண்பது தம் முகத்தையன்று; தெய்வத்தின் முகத்தை. அக்கணத்திற்குப்பின் அவர் தெய்வமாகவே, தன்மையிடத்தில், அடியவர்க்கு வாக்குரைக்கிறார். படர்க்கையில் தொடங்கி முன்னிலை வழியாகத் தன்மையில் வந்து சேரும் இப்பயணம் முழுவதும் வினைவடிவங்களிலேயே நிகழ்கிறது.

தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் வருதலும் தருதலும் தன்மை முன்னிலைகளுக்கு உரியன என்றும், செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியன என்றும் வரையறுத்துள்ளது. வரவிளியில் அமைந்த ‘வரவு’ இவ்வரையறையைச் சடங்கில் மெய்ப்பிக்கிறது. அங்கிருந்த தெய்வம் இங்கு வருகிறது. அதாவது படர்க்கை தன்மையாகிறது. தமிழ் வழக்கிலும் ‘சாமி வந்தது’ என்றே கூறுகிறோம். ‘சாமி அவரை மூடியது’ என யாரும் கூறுவதில்லை.

இவ்விடமாற்றத்தின் ஆழமும் எல்லையும் பொட்டன் தெய்யத்தில் ஒருங்கே தெரிகின்றன. மலையர், புலையர் முதலிய சமூகத்தார் கட்டும் இத்தெய்யம் சங்கராசாரியரை வழிமறித்துச் சாதியுயர்வை வினவிய கதையை உரைப்பது. தனியே செய்த முகமும் அணிவது. மலையாளம் அம்முகத்தைப் பொய்முகம் என்கிறது. ஊரார் முன்னிலையில் சாதியைப் பற்றிய உண்மையை உரைக்கும் வாய், பெயரளவில் பொய்யானது. உயர்சாதியார் வணங்கி நின்று கேட்கின்றனர். பின்னர் முடி இறக்கப்படுகிறது, எழுத்து துடைக்கப்படுகிறது, ஆட்டக்காரர் தம் பழைய சமூகநிலைக்கே திரும்புகிறார். முகம் தரும் இடம் மெய்யானது. ஆனால் அது நிலையானதன்று. இக்கலைகளை விடுதலையின் வடிவமாக மட்டும் போற்றுவோர் இறக்கப்படும் முடியையும் கணக்கில் கொள்ளவேண்டும்.

6. முகமும் மூவிடமும்

மூவிடம் என்னும் இலக்கணக் கருத்துக்கு மொழிகள் இட்ட பெயர்கள் இங்கு ஒப்புநோக்கத்தக்கன. கிரேக்க இலக்கணிகள் அதனைக் குறிக்க ஆண்ட ‘புரோசோப்பொன்’ முகத்தையும் நாடக முகத்தையும் ஒருங்கே குறிக்கும் சொல். இலத்தீன் இலக்கணிகள் ஆண்ட ‘பெர்சோனா’வும் நாடக முகத்தையே முதலில் குறித்தது, பின்னர்ப் பாத்திரத்தையும், அதன்பின் மனிதனையும் குறித்தது. சமஸ்கிருதம் அதனைப் ‘புருஷ’ என்றது. தமிழ் ‘இடம்’ என்றது.

மேலை மரபில் ‘நான்’, ‘நீ’, ‘அவன்’ என்பன மூன்று நாடக முகங்கள். சமஸ்கிருத மரபில் மூன்று ஆட்கள். தமிழ் மரபில் மூன்று இடங்கள். தமிழ்ப் பெயரீட்டின் நுட்பம் யாதெனில், இடம் எவர்க்கும் உரியதன்று. எவரும் அதில் நிற்கலாம். நிற்பவர் மாறினும் இடம் மாறாது. பேசுவோர் எவராயினும் பேசும் கணத்தில் தன்மையிடத்தில் நிற்கின்றார். ‘தன்மை’ என்னும் சொல்லே ஒருவருடைய இயல்பையும் பேசுமிடத்தையும் குறிப்பது. ஒருவருடைய இயல்பு என்பது அவர் எங்கு நின்று பேசுகிறார் என்பதனோடு பிணைந்தது என்னும் கருத்துக்கு இவ்விருபொருள் வழிகோலுகிறது. பாவனாவிலும் தெய்யத்திலும் முகம் செய்வது இதுவே. அணிபவரின் உள்ளியல்பை அது மூடுவதில்லை. அவரைப் பிறிதொருவரின் தன்மையிடத்தில் நிறுத்துகிறது. முகமூடி என்னும் சொல்லில் இழந்த பொருளைத் தமிழ் இலக்கணம் தன் வேறொரு சொல்லில் காத்து வைத்துள்ளது எனலாம்.

7. பயிலரங்கின் முகமூடி

இவ்வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி அன்று. கல்விக்கூடங்களிலும் உளநலப் பயிற்சிகளிலும் முகமூடி செய்தல் தன்னறிதலுக்குரிய கலைப்பயிற்சியாகப் பரவியுள்ளது. தாளாலோ களிமண்ணாலோ ஒரு முகம் செய்து, பிறர் தன்னைக் காணும் விதத்தை வெளிப்புறத்திலும், தான் தன்னை உணரும் விதத்தை உட்புறத்திலும் தீட்டுதல் அதன் வழக்கமான வடிவம். சமூகத்தின் முன் மனிதன் அணியும் முகத்திற்கு யுங் ‘பெர்சோனா’ என்று பெயரிட்ட உளவியல் மரபு இதன் பின்னணியில் உள்ளது.

நேரே சொல்லக் கூசுவதைத் தீட்டிக் காட்ட வழி தருவது இப்பயிற்சியின் நன்மை. அதனை மறுப்பதற்கில்லை. ஆயின் உள்ளே முழுமையான தான் ஒன்று முன்னரே அமைந்து கிடக்கிறது, முகமூடி அதனை மறைக்கிறது, எனவே கழற்றினால் உண்மை தோன்றும் என்னும் முன்முடிவு அதில் பொதிந்துள்ளது. மாஜுலியின் மூங்கிற்கூட்டுக்கு உட்புறத்தில் தீட்டுவதற்கு ஒன்றுமில்லை. உள்ளே இருப்பது மற்றொருவர் தலை புகுவதற்குரிய வெற்றிடம். அம்மரபு எழுப்பும் வினா ‘உண்மையில் நான் யார்?’ என்பதன்று, ‘இன்னும் எவராக நின்று நான் பேச இயலும்?’ என்பது. தமிழில் இப்பயிற்சியை நடத்துவோர் ‘உன் முகமூடியைக் கழற்று’ என்னும்போது, மாணவர் முதல் வினாவை மட்டுமே கேட்கின்றனர். இரண்டாவது வினா கேட்கப்படாமலே போகிறது. தன் அடையாளத்தைப் பற்றி ஏற்கெனவே ஐயமும் நாணமும் கொண்ட இளையோர்க்கு, அவர்தம் வெளித்தோற்றம் பொய் என்று சொல்லாலேயே உணர்த்துவது சிறிய தீங்கன்று.

‘அடையாளம்’ என்னும் சொல்லும் இங்குக் கருதத்தக்கது. அதன் முதற்பொருள் பிறர் கண்டறிதற்குரிய குறி. அது அகத்தே புதைந்தது அன்று, புறத்தே காணப்படுவது. புருலியாவின் சௌ முகங்கள் 2018இலும் மாஜுலி முகங்கள் 2024இலும் புவிசார் குறியீடு பெற்றபோது, சட்டமும் அவற்றின் அடையாளத்தை இடத்தாலேயே நிறுவியது. ஆனால் அதே முகங்கள் இன்று சுவரில் மாட்டும் அழகுப்பொருளாகவும் விற்கப்படுகின்றன. அணிபவர் அற்ற முகத்திற்கு மூடுவதும் இல்லை, பேசுவதும் இல்லை. கைவினைஞர்க்கு அது வருவாய் தருகிறது என்பதை ஏற்கும் திறனாய்வாளரும் அதனை ஆட்டமுகத்தினின்று வேறுபடுத்தியே எழுதவேண்டும்.

8. மொழிபெயர்ப்பாளர் செய்யத்தக்கது

முகமூடி என்னும் சொல்லை வழக்கிலிருந்து நீக்குதல் இயலாது, வேண்டுவதும் இல்லை. மறைப்பும் வஞ்சமும் கருத்தாக வருமிடங்களில் அதுவே தக்க சொல். மேலைக் கவிதையிலும் உளவியலிலும் வரும் மறைப்புருவகங்களை அது செவ்வனே தாங்கும். சடங்கையும் அரங்கையும் பற்றிய நூல்களிலோ மூன்று வழிகள் உள்ளன. முகா, முகத்தெழுத்து என அம்மரபின் சொல்லையே ஒருமுறை விளக்கி ஆளலாம். சூழல் தெளிவாயின் ‘நரசிம்மரின் முகம்’ என வாளா முகம் என்றே எழுதலாம். அசாமியர் கருதுவதும் அதுவே. பொதுச்சொல் தேவைப்படின் ‘கோலமுகம்’ என்பது பரிசீலிக்கத்தக்கது. கோலம் தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுவான சொல். மேற்கொண்ட வடிவத்தைக் குறிப்பது. உண்மை பொய் என்னும் தீர்ப்பைத் தன்னுள் கொள்ளாதது.

வினைகளிலும் இதே கவனம் தேவை. முகா அணிந்தவர் ‘ஒளிந்துகொண்டார்’ என்றோ, ஆட்டம் முடிந்தபின் ‘உண்மை முகத்தைக் காட்டினார்’ என்றோ மொழிபெயர்த்தால், மூலத்தில் இல்லாத ஒரு தீர்ப்பு தமிழில் நுழைந்துவிடும். முகம் ஏற்றார், முகம் இறக்கினார் என்னும் தொடர்கள் எளியன, தீர்ப்பற்றன.

மாஜுலியில் மூங்கில் முடைபவரும் செராய்கேலாவில் தாள் ஒட்டுபவரும் வடமலபாரில் முகம் எழுதுபவரும் செய்வது மறைப்புக்கருவி அன்று. பிறிதொருவர் வந்து நிற்பதற்குரிய இடத்தை அவர்கள் செய்கின்றனர். அவர்தம் தொழிலைத் தமிழில் எழுதுவோர், சொல்லின் பழக்கத்தால் அவர்களை வேடம் மாற்றித் தருவோராக்கிவிடாமல் காத்தல் கடமையாகும்.